ஏரிக்கரையும் துப்பறியும் நாவலும்

துப்பறியும் நாவல் படித்தால் வாலிபர்கள் கெட்டுப்போவார்கள் என்னும் அபிப்பிராயம் நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகிறது. பாட்டனார் அதைப் பூகோளப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார். தகப்பனார் போர்வைக்குள் விளக்கு வைத்துக்கொண்டு படித்தார். பேரனுக்கு ஒளிக்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. அவன் கையில் புஸ்தகமே இல்லை. ஆகவே, படிக்கலாமா கூடாதா என்ற பழைய வழக்கு தானாகவே தள்ளுபடியாகிவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி நம் முன் நிற்கிறது. இரும்புலியூரில் வசிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளையோ பெண்ணோ, "எங்கள் ஊரைப் போன்ற ஊரில், ஏரியும் பனைமரமும் ரயில் பாதையும் உள்ள இடத்தில் நடக்கிற மர்மக் கதை தமிழில் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். நாம் எதை எடுத்துக் கொடுப்பது?

இரும்புலியூரைப் பெயரிட்டுச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில், தென்னாட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையின் மேல் அமைந்த ஊர் அது. ஏரிகளுக்குப் பெயர் போன செங்கற்பட்டு ஜில்லாவின் எத்தனையோ ஏரிக் கிராமங்களுள் ஒன்றாக இருந்தது. 1931இல் மின்சார ரயில் தாம்பரம் வரையில் வந்தது. 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தைவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் மதுரவாயலுக்குச் செல்லும் புறவழிச் சாலை இவ்வூரை ஒட்டிக் கிளம்பிற்று. 2021இல் தாம்பரம் மாநகராட்சியுமாயிற்று. இன்று அதைக் கிராமம் என்று சொன்னால் ஊரார் சிரிப்பார்கள். பட்டணம் என்று சொன்னால் பட்டணத்தார் சிரிப்பார்கள். மர்மக் கதைக்கு இத்தகைய இடத்தைவிடத் தகுந்த களம் வேறு இல்லையென்றே நாம் கருதுகிறோம். பழைய குடிகளும் புதிதாக வந்தவர்களும் ஒரே தெருவில் வசித்து, ஒருவரையொருவர் அறியாமலிருப்பதைக் காட்டிலும் பெரிய மர்மம் எது?

பிற பாஷைகளில் இக்கேள்விக்கு விடை உண்டு. கானன் டாயில் 1901இலும் 1902இலும் மாதப் பத்திரிகையில் எழுதிய பாஸ்கர்வில் நாய்க் கதை லண்டன் நகரத்துச் சந்துகளில் நடப்பதன்று. ஆள் நடமாட்டமற்ற டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் நடப்பது. தனித்த பண்ணை வீடுகளில் நடக்கும் கொடுமை நகரத்துக் கொடுமையைவிட அஞ்சத்தக்கது என்பது அவருடைய துப்பறிவாளரின் துணிவு. அமெரிக்காவில் அகஸ்டா ஹூயல் சீமன் என்னும் அம்மையார் இளைஞர்களுக்கென்றே மர்ம நாவல்கள் எழுதினார். 1915இல் வெளிவந்த அவருடைய நாவல் ஒன்றில், பலகையடித்து மூடிக்கிடக்கும் அண்டை வீட்டினுள் இரண்டு சிறுமிகள் நுழைந்து, அது ஏன் மூடப்பட்டதென்று சிறிது சிறிதாகக் கண்டறிகிறார்கள். அதில் கொலையில்லை; ஒரு குடும்பத்தின் பழந்துயரமே உள்ளது. சிறுவர்க்கு எழுதுவோர் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வங்காளத்தில் ஹேமேந்திர குமார் ராய், 'மௌசாக்' என்னும் சிறுவர் பத்திரிகையில் 1923இல் 'ஜகேர் தன்' என்ற புதையல் கதையை எழுதி, வங்கப் பிள்ளைகளை அஸ்ஸாம் பக்கத்து மலைகளுக்கு அழைத்துச் சென்றார். ஹிந்தியிலோ கோபால்ராம் கஹ்மரி என்பவர் காஜிப்பூர் ஜில்லாவிலுள்ள கஹ்மர் என்னும் தம் கிராமத்திலிருந்தே 1900 முதல் 'ஜாசூஸ்' என்ற துப்பறியும் பத்திரிகையை நடத்தினார். கிராமத்தில் அச்சாகும் மர்மப் பத்திரிகை! நம்மவர் யாருக்கும் அந்தத் துணிவு வரவில்லையே என்று சிறிது பொறாமையாகவே இருக்கிறது.

தமிழில் விதை இல்லாமற் போகவில்லை. தென்னாட்டுக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனின் கதையை வெளியிட்டார். தமிழின் முதல் துப்பறியும் நாவல் என்று அதையே பலர் சொல்வர். ஆனால் நமது கண்ணுக்கு அதைவிட முக்கியமானது, அதே காலத்தில், 1893 முதல் 1895 வரை, 'விவேக சிந்தாமணி'யில் ராஜமையர் எழுதிவந்த 'கமலாம்பாள் சரித்திரம்'. அதற்கு ஆசிரியர் முதலில் இட்ட பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பது. சிறுகுளம் என்ற கிராமம், காணாமற்போகும் குழந்தை, கொள்ளைக்காரன், எல்லாவற்றுக்கும் மேலாக, யார் முதலில் சொன்னார் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு வம்புப்பேச்சு. நகரத்தில் குற்றம் இருட்டில் நடக்கிறது. கிராமத்தில் அது குளத்தங்கரையிலும் திண்ணையிலும் பட்டப்பகலில், பத்துப் பேர் காதுபட நடக்கிறது. எனினும் குற்றவாளி அகப்படுவதில்லை. இருபத்தாறு வயதில், 1898இல், காலமான ராஜமையர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருப்பாரானால், தமிழுக்கென்று தனித்த கிராம மர்ம நாவல் உருவாகியிருக்குமென்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவருக்குப் பின் வந்தது ரெயினால்ட்ஸ் வெள்ளம். லண்டன் மாநகர ரகசியங்களை எழுதிக் குவித்த அந்த ஆங்கிலேயருக்கு, அவருடைய தேசத்துப் பண்டிதர்களிடம் கிடைக்காத மரியாதை தமிழ்நாட்டில் கிடைத்தது. ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தமிழுடை உடுத்தி அழைத்துவந்தார்; ஷெர்லக் ஹோம்ஸும் அவர் கையில் ஆனந்தஸிங்காக மாறினார். தனித்தமிழுக்கு அரணாக நின்ற மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவி 1911இல் 'குமுதவல்லி'யை எழுதினார் என்றால், அவ்வெள்ளத்தின் வேகத்தை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் 'இராஜாம்பா'ளையும் துப்பறியும் கோவிந்தனையும் கொண்டுவந்தார். அவருடைய நாவல்கள் நாடகமேடைக்கும், பின்னர்ப் பேசும் படத்துக்கும் சென்றன. 'இராஜாம்பாள்' மட்டும் 1935இலும் 1951இலுமாக இருமுறை படமாயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்கார் 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'மாயா விநோதப் பரதேசி' என்று அடுக்கிக்கொண்டே போனார். ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். தேச சேவையில் சிறை சென்றபோதும் அவர் பேனா ஓயவில்லை.

இவர்களை இலக்கிய விமரிசகர்கள் ஏளனம் செய்ததுண்டு. அந்த ஏளனத்தில் நியாயம் இல்லாமலில்லை. சம்பவங்கள் ஒன்றன்மேலொன்று ஏறி உட்காரும். நான்கு பக்கம் நீதி போதனை வந்து கதையை நிறுத்தும். ஒரே ரயிலில் எல்லாப் பாத்திரங்களும் தற்செயலாக ஏறுவார்கள். ஆயினும் ஒன்று சொல்வோம். ஒருவர் உரக்கப் படிக்க வீடு முழுவதும் உட்கார்ந்து கேட்டுவந்த ஜனங்களை, தனியே அமர்ந்து வாய்திறவாமல் முந்நூறு பக்கம் படிக்கச் செய்தவர்கள் இந்த ஆசிரியர்களே. பண்டிதர்கள் அதைச் செய்யவில்லை. மூர் மார்க்கெட்டுப் பழைய புஸ்தகக் கடைகளில், 1985இல் அது எரிந்து சாம்பலாகும்வரையில், அட்டை கிழிந்த கோவிந்தனையும் திகம்பர சாமியாரையும் தேடிச்சென்ற வாலிபர் எத்தனை பேர்!

திகம்பர சாமியாரைப் பற்றிச் சிறிது நின்று யோசிக்க வேண்டும். 1950இல் இவர் திரைக்கு வந்தபோது ஸ்ரீ எம். என். நம்பியார் பல மாறுவேஷங்களில் தோன்றியதை மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். துப்பறிபவர் ஏன் சாமியாராக இருக்கவேண்டும்? லண்டனில் முன்பின் தெரியாதவன் ஒருவன் தெருமூலையில் மூன்று மணி நேரம் நின்றாலும் எவரும் கேட்கமாட்டார். நம் கிராமத்தில் அந்நியன் எல்லைக்கல்லைத் தாண்டியவுடனே, "எந்த ஊர்? யார் வீட்டுக்கு?" என்ற கேள்வி புறப்பட்டுவிடும். சுருட்டும் தொப்பியுமாக வரும் துப்பறிவாளன் ஒரு நாழிகைகூட மறைந்திருக்க இயலாது. கேள்வியில்லாமல் திண்ணையில் உட்காரக்கூடியவர்கள் நம் ஊர்களில் சிலரே: சாமியார், பரதேசி, குடுகுடுப்பைக்காரன், வளையல் செட்டி. வடுவூரார் தஞ்சை ஜில்லாக் கிராமத்தில் பிறந்தவராதலின் இதை அறிந்திருந்தார். ரெயினால்ட்ஸிடமிருந்து கதையைக் கடன் வாங்கலாம். திண்ணையைக் கடன் வாங்க முடியாது.

கிராமத்துக்கென்று சொந்தத் துப்பறியும் இலாகாவும் இருந்தது என்பதை இக்காலப் பிள்ளைகள் அறியார். தலையாரி, வெட்டியான், மணியகாரர், கணக்குப்பிள்ளை ஆகியோரே அந்த இலாகா. 1816ஆம் ஆண்டுச் சென்னை ரெகுலேஷன்படியே கிராமத் தலைவருக்குக் குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரம் இருந்தது. அடிச்சுவட்டைப் பார்த்து, காணாமற்போன மாடு எத்திசை சென்றதென்று சொல்லும் தலையாரிக்கு முன்னால் ஹோம்ஸின் பூதக்கண்ணாடி ஒரு விளையாட்டுச் சாமான். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980இல் நீக்கப்பட்டன. நீக்கியது சரியா தவறா என்ற வாதத்தில் நாம் இப்போது இறங்கவில்லை. அந்த மனிதர்களை எந்த நாவலாசிரியரும் கதாநாயகராக்காமற் போனாரே என்பதே நமது குறை.

வக்கீல் தொழில் செய்தவர் என்ற முறையில் ஒரு சிறு ஆட்சேபணையும் உண்டு. இந்நாவல்களின் கடைசி அத்தியாயத்தில் துஷ்டன் தவறாமல் துப்பறிபவன் முன்னிலையில், போலீஸ் உத்தியோகஸ்தர் சூழ்ந்து நிற்க, தன் குற்றங்களையெல்லாம் ஒப்புக்கொண்டு கதறுவான். போலீஸாரிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு விரோதமாகச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 25ஆவது பிரிவில் விதித்தது. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய சட்டமும் 23ஆவது பிரிவில் அதையே விதிக்கிறது. அன்றைய துஷ்டர்களுக்கு ஒரு ஜூனியர் வக்கீல் கிடைத்திருந்தால் அநேகம் நாவல்கள் விடுதலையில் முடிந்திருக்கும்.

வேடிக்கையை விட்டு வேதனைக்கு வருவோம். கைரேகையைக் கண்டு குற்றவாளியைப் பிடிப்பது அக்கால நாவல்களுக்குப் புதிய மோகம். உலகத்தின் முதல் கைரேகை நிலையம் 1897இல் கல்கத்தாவில்தான் ஏற்பட்டது; அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியரின் உழைப்பு அதில் பெரும்பங்கு. பட்டணத்து வாலிபனுக்கு அது விஞ்ஞான அற்புதம். கிராமத்து ஏழைக்கு அது வேறொன்று. குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. ஒரு குற்றமும் செய்யாதவர்கள், பிறப்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு, வரிசையில் நின்று கைரேகை பதிக்கவும், இரவில் போலீஸ் சாவடியில் படுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்கள் மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. வக்கீல் ஜார்ஜ் ஜோசப் போன்றோர் அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. அக்கால நாவல்களில் கிராமத்துக் கள்ளனுக்கு ஜாதிப்பெயர் ஒட்டிக்கொண்டே வரும். ராஜமையரும் இதற்கு விலக்கல்லர். துப்பறிவது என்றால் சாட்சியத்தைக்கொண்டு ஒருவனைக் கண்டுபிடிப்பது. பிறப்பைக் கொண்டு ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்குவது துப்பறிவதன்று, அதற்கு நேர்விரோதமானது. பழைய நாவலைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது பெற்றோரும் உபாத்தியாயரும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது கோழைத்தனம்.

இனி, எழுதப்படாத நாவலுக்கு வருவோம். இரும்புலியூர்ப் பிள்ளைக்குத் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்பவர் 2015 டிசம்பரை மறந்தவர். அம்மாதம் பெய்த பெருமழையில் மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. மாடியேறி நின்ற ஜனங்கள் படகில் மீட்கப்பட்டனர். சென்னை மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம் என்று நாடு முழுவதும் பேச்சு. ஆனால் படத்தை விரித்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூரோ அதற்கு மேலே, நீர் வரும் திசையில் இருக்கிறது. கீழே கலந்த நீரை மட்டும் குற்றவாளியாக்கி மேலே மூழ்கிய ஊருக்குத் தீர்ப்பு எழுதலாமா? குற்றவாளியை வேறிடத்திலும் தேட வேண்டும்: ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளில், அவற்றின் கலங்கல்களில், அங்கிருந்து ஆற்றுக்கு வந்த கால்வாய்களில், அக்கால்வாய்கள் மேல் முளைத்த வீட்டுமனைகளில். குற்றமற்றவன் மீது விழும் பழியும், மறைந்திருக்கும் மெய்யான காரணமும் நம் பழைய நாவல்களின் உயிர்நாடியல்லவா?

சாட்சியமும் அகப்படக்கூடியதே. புல வரைபடம், அ-பதிவேடு, அடங்கல் ஆகியவை தாலுகா ஆபீஸில் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ராத்திரியில் இடம்பெயர்ந்த எல்லைக்கல்; பழைய படத்தில் நீலமாகவும் புதிய படத்தில் வெறுமையாகவும் உள்ள ஓர் இடம்; மதகு இருந்த இடத்தை விரலால் காட்டத் தெரிந்த ஒரே கிழவர், அவரும் பேச மறுக்கிறார். மூன்று பிள்ளைகளும் ஒரு சைக்கிளும் போதும். கொலையும் வேண்டாம், கள்ளக்காதலும் வேண்டாம். சீமன் அம்மையாருக்கு மூடிய வீடு ஒன்று அகப்பட்டது. நமக்கு மூடிய ஏரிகளே அகப்பட்டிருக்கின்றன. ஏரி காணாமற்போனதைத் துப்பறிந்து பழகிய பிள்ளை, பிறகு மனை வாங்கும் வயது வரும்போது, பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திட மாட்டான்.

இத்தகைய நாவலை எழுதத் துணியும் வாலிபர்கள் முன்னோர்களைப் படிக்காமல் தொடங்கலாகாது. அவர்களைத் தடுக்கும் சட்டமும் இல்லை. நூலாசிரியர் காலமான ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை பொதுஜனங்களுக்கு வந்துவிடுகிறது. 1925இல் மறைந்த குப்புசாமி முதலியாரும், 1942இல் மறைந்த வடுவூராரும், 1959இல் மறைந்த ரங்கராஜுவும் இன்று எல்லார்க்கும் உரியவர்கள். யாரும் அச்சிடலாம், சுருக்கலாம், படமாக்கலாம். தடையாக நிற்பது காகிதம்தான். மலிவு விலைக்காக மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான அந்தப் புஸ்தகங்கள் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகின்றன. அல்லயன்ஸ் கம்பெனியார் வடுவூராரையும் ரங்கராஜுவையும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது மெச்சத்தக்க காரியம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் அக்கால நாவல்கள் பாதுகாக்கப்படுகின்றன. அந்நூலகத்தின் மூலதனம் பட்டணத்துப் பண்டிதர் எவரும் சேர்த்ததன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், பிறர் குப்பையென்று எறிந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தது.

ஆனால் தரமணி ஆராய்ச்சியாளருக்கு. பதினான்கு வயதுக்கு அன்று. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் நாம் ஒவ்வொருவரும் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். அந்த வரியிலிருந்து, தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிளை நூலகங்களில் ஓர் அலமாரியில் ஒரு தட்டு, இந்த மறுபதிப்புகளுக்கும் அப்பகுதியின் பழைய நில அளவைப் படத்தின் நகலுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நூலகத்தில் இல்லாத புஸ்தகத்தை வாங்கித்தரும்படி எழுதிக் கேட்க வாசகர்களுக்கு வழியுண்டு. இரும்புலியூர் நேயர்கள் இந்த வாரமே எழுதிவைக்கலாம்.

முதலில் எதைப் படிப்பது என்போருக்கு 'கமலாம்பாள் சரித்திர'த்தையும், பிறகு 'இராஜாம்பா'ளையும் சிபாரிசு செய்வோம். வடுவூராரைத் தொடங்குவோர் மட்டும் எல்லாப் பாகங்களும் கைக்கு வந்துவிட்டனவா என்று முன்னதாகவே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதற்பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கதாநாயகியைக் கதவுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, மிகுதியை அடுத்த பாகத்தில் காண்க என்று போய்விடுவது அவர் வழக்கம்.